நாற்றம் தின்னி

டவுன் பஸ்ஸில் பொற்கொடிக்குப் பக்கத்து இடம் காலியாகவே வரும். புதுக்கோட்டையில் கிளம்பும்போதே கூட்டம் பிதுங்கினாலும், திருவரங்குளம் தாண்டி உள்ளே திரும்பும் வரை பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே தவிர அங்கே உட்கார மாட்டார்கள். முன்பு அது அவள் துப்பட்டாவில் ஏறியிருந்த வாடைக்காக. இப்போது அவள் யாரென்று தெரிந்துவிட்டதற்காக.

"அங்கிட்டு எடம் இருக்குல்ல, போய் உக்காரேன்" என்றாள் ஒருத்தி, அவள் காதில் விழும்படியே.

"நிண்டுக்கிட்டே வாரேன். கம்பெனிக்காரி பக்கத்துல உக்காந்தா எனக்கும் சம்பளமா போடப் போறாக?"

சிரிப்பு எழுந்தது. பொற்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையை வைக்க வசதியாகத்தான் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இப்படிச் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு. நாளை ஒரு நாள் கழிந்துவிட்டால் இந்த பஸ்ஸில் அவள் ஏற வேண்டிய அவசியமே இருக்காது.

நாளைக்குத்தான் நீதிமன்றம் அமைத்த குழு கோழிக் கழிவு ஆலையைப் பார்க்க வருகிறது. சுற்றுவட்டாரக் கறிக்கடைகளிலிருந்து குடலும் இறகும் தலையும் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். பெரிய கொப்பரைகளில் அவித்து, கொழுப்பைப் பிழிந்துவிட்டு, மிச்சத்தை மீன் தீவனமாக அரைப்பார்கள். கொப்பரை திறக்கும்போது எழும் வாடை அழுகிய முட்டையில் தொடங்கி, பெயர் சொல்ல முடியாத வேறெதிலோ போய் முடியும். ஊர் வழக்குப் போட்டிருந்தது. கிணறு கெட்டுவிட்டது என்றால் கம்பெனி ஒரு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை நீட்டியது, ஊர் வேறொன்றை நீட்டியது. யாராலும் மறுக்க முடியாத சாட்சி நாற்றம் ஒன்றுதான். அதையும் அதிகாரிகள் வரும் நாளில் கொப்பரைகளை அணைத்துவைத்துக் கம்பெனி மறைத்துக்கொண்டிருந்தது. இந்த முறை நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: குழு வரும்போது ஆலை முழு வேகத்தில் ஓட வேண்டும்.

அதனால்தான் கம்பெனிக்குப் பொற்கொடி தேவைப்பட்டாள்.

கந்தகத்தைத் தின்று வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவள் அவள். கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு பஸ் ஏறி, ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராகவே வயதைக் கடத்தியவள். கூடப் படித்தவர்கள் மருந்துக் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுக்கும் போனபோது அவள் சாக்கடை சாக்கடையாகப் போனாள். பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், பொண்ணுக்கு என்ன ஆராய்ச்சி என்று கேட்டு, பதில் வந்ததும் கையிலிருந்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். துறைத் தலைவர் சார்லஸ் மட்டும் அவளை விடாமல் பிடித்துவைத்திருந்தார். பாக்டீரியாக்களை வைத்து நாற்றத்தைத் தின்னவைக்கும் அவளுடைய இயந்திரம் ஆலையில் ஓடிவிட்டால் நிரந்தர வேலை, காப்புரிமையில் முதல் பெயர் அவளுடையது என்று சொல்லியிருந்தார். அவர் பெயர் இரண்டாவதாக வரும் என்பதைச் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. காற்று திரும்பி நாற்றம் முகத்தில் அறையும்போது எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். அவளுக்கு உள்ளே மெல்லியதாக ஒரு சந்தோஷம் எழும். இங்கே இரை இருக்கிறது, அப்படியானால் அதைத் தின்னும் பாக்டீரியாக்களும் இருக்கும். ஓர் ஊரே குமட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று மகிழ்கிற மனது என்ன மனது என்று சில நேரம் யோசித்ததுண்டு. யோசனை அசிங்கமாகப் போகும் இடத்தில் நிறுத்திக்கொள்வாள்.

நல்ல ரகப் பாக்டீரியா கிடைத்தது ஊர்க்காரி சொர்ணவல்லியின் கொல்லையில். ஆலையின் கழிவு ஓடை அந்த வழியாகத்தான் போனது. முதல்முறை மண் எடுக்கப் போனபோது பொற்கொடியின் கண்ணாடிக் குப்பி கல்லில் பட்டு உடைந்துவிட்டது. அறுபதை நெருங்கும் அந்தப் பெண் உள்ளே போய் ஒரு சில்வர் தூக்குவாளியைக் கழுவி எடுத்துவந்தாள். அடியில் 'சொர்ணவல்லி' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது.

"மோரு கொண்டுபோற வாளி தாயி. பரவால்ல, நல்ல காரியத்துக்குத்தான எடுக்குற."

"அக்கா, ஒரு உதவி. கொஞ்ச நாளைக்கி இந்த ஓடையில ப்ளீச்சிங் பவுடர் மட்டும் போட்றாதீங்க. போட்டா நான் தேடுற கிருமியெல்லாம் செத்துரும்."

"கொசு ஆளத் தூக்கிட்டுப் போகுதே." யோசித்துவிட்டு, "சரி, போடல" என்றாள்.

போடவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஓடை நுரைத்துக்கொண்டு கிடந்தது. சொர்ணவல்லி காய்ச்சலில் விழுந்து எழுந்து, கைகால் மூட்டெல்லாம் வீங்கி நடந்தாள். பொற்கொடி வாளியைத் திருப்பிக் கொடுத்தாள். மூடி மட்டும் சோதனைக்கூடத்திலேயே தங்கிவிட்டது. வளர்ப்புக் கரைசல் வைத்த ஜாடியின் வாய்க்கு அது அளவெடுத்ததுபோலப் பொருந்தியிருந்தது.

அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமையே நல்ல புடவைகளைத் துவைத்து ஆலைச் சுவரை ஒட்டிய வேலியில் காயப்போடுவார்கள். மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். மனுவை வாங்குகிற ஆள் முகத்தைத் திருப்பினால் அவர்களுக்குத் திருப்தி. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவையை உதறிக்கொண்டிருந்த சொர்ணவல்லி, சுவருக்கு அந்தப் பக்கம் மேனேஜர் ஆத்மநாதனோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்ற பொற்கொடியைப் பார்த்துவிட்டாள்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தண்ணி டெஸ்டு பண்ண வந்தவதான நீ?" என்றாள் சொர்ணவல்லி.

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"சொல்லல. நாங்க அப்புடி நெனச்சுக்கிட்டு வாளியும் மோரும் குடுத்தப்ப, இல்லைன்னும் சொல்லல."

பொற்கொடி குரலை உயர்த்தினாள். "நாத்தம் போனா ஒங்களுக்கும் நல்லதுதான? வீட்டுல நிம்மதியாச் சாப்பிடலாம்ல?"

"நாத்தம் போயிரும். கம்பெனி போகுமா? கெணறு திரும்புமா? வாரவுக மோந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதிட்டுப் போயிருவாக. பெறகு நாங்க எதக் காட்டுறது, எங்க கொடலையா?"

"முன்ன மல்லியப்பூ செண்டு அடிச்சு விட்டானுக" என்றாள் பின்னால் நின்ற மூக்காயி. "எழவு வீட்டுல கல்யாணம் நடந்த மாதிரி இருந்துச்சு. இவ அதுக்கும் மேல. எங்க சாக்கடையிலயே எடுத்து எங்களுக்கே வச்சுட்டா."

"நாத்தத்தத் தின்னு பொழைக்கிறவ" என்றது இன்னொரு குரல்.

சொர்ணவல்லி கையை நீட்டினாள். "என் வாளி மூடியக் குடு மொதல்ல."

"லேப்ல இருக்கு. கொண்டாந்து தர்றேன்."

கொண்டுவரவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டார்கள், ஒவ்வொரு வாரமும் மறந்தாள். மூடியை எடுத்தால் ஜாடியைத் திறக்க வேண்டும்.

இயந்திரம் அவள் நினைத்ததற்கு மேலாகவே வேலை செய்தது. ஆலையின் பின்சுவரை ஒட்டி, தேங்காய் நாரும் கரியும் அடுக்கிய பெரிய படுக்கை. கொப்பரைக் காற்று அதன் வழியாக ஊர்ந்து வெளியேறும். நாரில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் கந்தகத்தைத் தின்று அமிலத்தை விடும். பக்கத்துத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கலந்த தண்ணீர் பீய்ச்சி அந்த அமிலத்தைக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் தங்கள் கழிவிலேயே அவை மாண்டுபோகும். மார்கழிக் காலையில் முதன்முதலாகப் புகைபோக்கிக்குக் கீழே நின்று மூச்சை இழுத்தபோது ஈர நாரின் வாசம் மட்டுமே வந்தது. அவள் அழுதாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் நாற்றம் இல்லாமல் வெறுமையாக இருந்ததற்கும் சேர்த்து.

இன்று பஸ்ஸைவிட்டு இறங்கியபோதே தெரிந்துவிட்டது. நாற்றம் திரும்பியிருந்தது.

ஓட்டமும் நடையுமாகப் பின்சுவருக்குப் போனாள். படுக்கையின் மேல் படிந்திருந்த வெளிர்மஞ்சள் பாசி வெளுத்துப்போய்த் துண்டு துண்டாக வழிந்துகொண்டிருந்தது. குனிந்து மோந்தாள். ஆலை ஆட்களின் மூக்கு எப்போதோ செத்துவிட்டது, அவர்களுக்குத் தெரிந்திருக்காது. கொப்பரை வாடைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. ப்ளீச்சிங் பவுடர். தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த சகதியில் ஒரு பாத்திரம் தட்டுப்பட்டது. சுவருக்கு மேலிருந்து கொட்டும்போது கை நழுவியிருக்க வேண்டும். தூக்கி, புடைத்திருந்த அடியைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குப் பெயர் தெரியும்.

முதலில் வந்தது வெறிதான். அந்தக் கிழவியின் கையை முறிக்க வேண்டும்போல இருந்தது. குழந்தையை வளர்த்ததுபோல என்று அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை, அப்படிப் பேசுகிறவர்களைப் பிடிக்காது. ஆனாலும் நாரைக் கையில் எடுத்து, உயிருள்ள மஞ்சள் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தேடினாள். கல்லூரியில் கொஞ்சம் கையிருப்பு உண்டு. அதைப் பெருக்கி மறுபடி படுக்கையில் பிடிக்கவைக்க வாரக்கணக்கில் ஆகும். நாளைக்கு ஒன்றும் நடக்காது.

வாளியைப் பைக்குள் திணித்தாள். ஏன் திணித்தாள் என்று அப்போது அவளுக்கே தெரியவில்லை.

ஆத்மநாதன் வந்தார். எவ்வளவு கோபம் வந்தாலும் குரல் உயராத மனிதர்.

"என்னங்க மேடம், இப்புடி ஆயிப்போச்சு? நேத்து வரைக்கும் ஓடுச்சே."

அவள் கையிலிருந்த நாரைப் படுக்கையில் திரும்ப வைத்தாள்.

"யாராச்சும் கைய வச்சுட்டாகளா? தயங்காமச் சொல்லுங்க. ஒரு வார்த்த நீங்க எழுதிக் குடுத்தாப் போதும், விசாரணையத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுருவோம். ஊர்ல ரெண்டு பொம்பளைகளத் தூக்கி உள்ள வச்சா கேஸும் தன்னால படுத்துரும். ஒங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

அதற்குள் சார்லஸ் போனில் வந்துவிட்டார். "நாசவேலைன்னு சொல்லும்மா. கண்டுபிடிப்புல குறையில்லன்னு ஆயிரும். நாம திரும்ப ஓட்டிக்கலாம். யாருன்னு தெரியுமா?"

பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே வாளி ஈரமாக இருந்தது, ஈரம் துணி வழியாக இடுப்பில் படர்ந்தது. சொல்வதற்கு ஒரே ஒரு பெயர். அதைச் சொல்லிவிட்டால் வேலை நிலைக்கும், பெயர் நிலைக்கும், இத்தனை வருஷமும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று ஆகிவிடும். நாக்கு அந்தப் பெயரின் முதல் எழுத்துக்குப் போய்விட்டது. அப்போது, ப்ளீச்சிங் போட்டால் செத்துவிடும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொடுத்தது யார் என்ற நினைவு வந்தது. கூடவே 'சரி, போடல' என்ற குரலும், வீங்கிய மூட்டோடு ஓடைக்கரையில் நடந்த நடையும் வந்தன. அவை வராமல் இருந்திருக்கலாம் என்று மனதாரத் திட்டினாள். இரக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. கடன்காரியைப் பார்த்தால் வரும் எரிச்சல் அது.

"யாரும் கைய வைக்கல, சார்" என்றாள் போனில். ஆத்மநாதனுக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள். "சுண்ணாம்புத் தண்ணி விடுறத நான் கவனிக்காம விட்டுட்டேன். அமிலம் ஏறிப் படுக்கை செத்துருச்சு. என் தப்புதான்."

"இது ஒரு முதல் வருஷப் பையன் பண்ற தப்பு, பொற்கொடி" என்றார் சார்லஸ்.

"ஆமா சார்."

"இத வெளிய சொன்னா ஒனக்கு யாரு வேலை குடுப்பா?"

அவள் போனை அணைத்தாள். ஆத்மநாதன் அதே மெல்லிய குரலில், "சாணி அள்ளுற பொம்பளைய வேலைக்கு வச்சிருந்தாக்கூட ஒழுங்காத் தண்ணி ஊத்தியிருப்பா" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறக்கும்படி காவலாளிக்குக் கை காட்டினார்.

போகும் முன் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். வெள்ளைத் தண்ணீர் சகதியோடு ஓடையில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் குழு வந்தது. கர்ச்சீப்பை எடுக்காதவர்கள் யாருமில்லை என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். பங்குனியில் ஆலைக்கு சீல் வைத்தார்கள், மறு உத்தரவு வரும் வரை என்று. அதற்கு முன்பே கல்லூரி அவளுடைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. சோதனைக்கூடச் சாவியைப் புதிதாக வந்த பையனிடம் கொடுத்துவிட்டு, தன் டம்ளரையும் இரண்டு புத்தகங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறினாள். பக்கத்து இடத்தில் உடனே யாரோ உட்கார்ந்தார்கள். அவள் மேல் இப்போது எந்த வாடையும் இல்லை. உட்கார்ந்தவள் அவளை யாரென்று தெரியாத பெண், ஊருக்குப் புதியவள்.

ஓடை வறண்டு வெடித்துக் கிடந்தது. கழிவு நின்றுவிட்டது, அதில் வாழ்ந்த பாக்டீரியாக்களுக்கு இனி இரை கிடையாது. சொர்ணவல்லி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததும் முகம் இறுகியது.

"இன்னும் என்னத்த அள்ளிட்டுப் போக வந்த?"

பொற்கொடி பையிலிருந்து தூக்குவாளியை எடுத்து, பெயர் தெரியும்படி படியில் வைத்தாள். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். ஆனால் அந்த முகத்தில் ஏதாவது மாறும், ஒரு சொம்புத் தண்ணீராவது வரும் என்று மனதின் ஏதோ ஒரு மூலை வழி நெடுக எதிர்பார்த்தே வந்திருந்தது. அந்த எதிர்பார்ப்பை இப்போது பார்த்துவிட்டதில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சொர்ணவல்லியின் கை கீரையிலேயே நின்றது. கண் வாளிக்குப் போனது, அதன் புடைத்த அடிக்குப் போனது, பொற்கொடியின் முகத்துக்கு வந்தது. இத்தனை மாதமும் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் எங்கே போய் ஒளிந்திருப்பாள் என்று பொற்கொடிக்கு முதல்முறையாகத் தோன்றியது.

வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் சொர்ணவல்லி. உள்ளே எட்டிப் பார்த்தாள். முந்தானையால் விளிம்பைச் சுற்றித் துடைத்தாள்.

"மூடி எங்க?" என்றாள்.