வரேன்னு சொன்னாராமே!

இருமல் மருந்து வாங்க வந்த தபால்காரர்தான் முதலில் கேட்டார். "கடையை எப்பம்மா காலி பண்றீங்க?"

மருந்துக்கடைக்காரி பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றாள். புதுக்கடை. பெயர்ப்பலகையின் பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. "யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுதும்மா. சார் வெளியூர்ல இருக்கிற எதிர் கிளப்புக்குப் போறாராமே. வரேன்னு அவர் வாயாலேயே சொல்லிட்டாராம்."

சார் என்றால் அவள் புருஷன். ஊர்க் கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர். ஊர் அவருக்கு வைத்த பெயர் சுவர். கோடை வந்தால் இந்த ஊரில் ஆட்டம் நிற்கும், வாய் நிற்காது. எவன் போகிறான், எவன் வருகிறான், எவனை எவன் இழுக்கிறான் என்று டீக்கடை முதல் சலூன் வரை அளந்துவிடுவார்கள். போன கோடையில், செத்துப்போன ஆட்டக்காரர் ஒருவரையே வெளியூர் கிளப்புக்கு அனுப்பிவைத்த புண்ணியவான்கள்! அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள்தான் அவளும். இன்று வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அவர் கிளப் மாறிய ஊருக்கெல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனவள். போன இடத்திலெல்லாம் எவனோ ஒருவனுடைய மருந்துக்கடையில் நின்று மாத்திரை கிழித்துக் கொடுத்தவள். வேலை பிடிபட்டு, வருகிறவர்களின் முகம் பழகும் நேரம் பார்த்து "கிளம்பு" என்பார். இந்த ஊருக்கு வந்தபோது மட்டும், "இதான் கடைசி. உன் கடையை இங்கேயே போட்டுக்கோ" என்று சொன்னவரும் அவர்தான். அவள் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் கிளப் சட்டை போட்ட பையன்களும் பெரியவர்களுமாய் ஒரு கும்பல். கேட்டில் கரியால் 'துரோகி' என்று எழுதியிருந்தது.

"அண்ணி, அண்ணனை வெளிய வரச் சொல்லுங்க! போறாரா இல்லையா, எங்களுக்கு இப்பவே தெரியணும்."

"உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா? வழியை விடுங்கப்பா!"

உள்ளே அவர் காலை நீட்டிப்போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, அந்த எதிர் கிளப் மேனேஜர் ஒரு காபி சாப்பிடக் கூப்பிட்டாரு. போனேன். எந்திரிக்கும்போது, 'சரிண்ணே, வரேன்'னு சொன்னேன். பின்ன, கிளம்பும்போது போறேன்னா சொல்லுவாங்க? பக்கத்து டேபிள்ல இருந்த முட்டாப்பய, நான் அந்த கிளப்புக்கே வரேன்னு சொன்னதா ஊரெல்லாம் பரப்பிட்டான்."

அவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வார்த்தைக்கா இவ்வளவு கூத்து! நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"வரேன்னு சொன்னது சரி. அதுக்கு முன்னாடி, மாட்டேன்னு சொன்னீங்களா?"

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்னு..."

"யார்கூட யோசிச்சு?"

"உன்கிட்ட சொல்லாம இருப்பேனா? எல்லாம் முடிவானதும்..."

"முடிவானதும்!" அவள் எழுந்தாள். வெளியே நிற்கிற தறுதலைகளுக்காவது கேட்கத் தோன்றியதே. கட்டிக்கொண்டவள் தபால்காரர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும், அப்படித்தானே? அடுப்பையும் கட்டிலையும் மாதிரி அவளையும் வண்டியில் ஏற்றிவிடலாம் என்றல்லவா இந்த மனுஷன் நினைத்திருக்கிறார்!

"எங்கடி போறே? வெளிய கூட்டம் நிக்குது."

அவள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள். கும்பல் விலகியது.

"அண்ணி, அண்ணன் என்ன சொன்னாரு?"

"எனக்கும் அதான் தெரியணும். கொஞ்சம் நகருங்க."

ஒருவன் நகர்ந்து இடம் விட்டான். அவர்களோடு நின்றுகொண்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

கதவு திறந்தது. 'சுவர்' வாசலுக்கு வந்து, அவளைக் காணாமல் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு எதிரே நின்ற முகங்களுக்கு நடுவில் அவள் முகத்தையும் பார்த்தார்.

"போறீங்களா, இல்லையா? சொல்லுங்க!" என்று கும்பலுக்கு முந்திக்கொண்டு கத்தினாள்.