ஒன்பது கன்றுகள்

மருந்துக்கடைக்காரர் அந்தக் காட்டுக்குப் போனது மரங்களின் மேலுள்ள ஆசையால் அல்ல, மனைவியின் நச்சரிப்பால். "ஞாயித்துக்கிழமையும் சோபாவே கதின்னு கெடந்தா முட்டிவலி எப்படிப் போகும்?" என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் மூன்று ஏக்கர். அந்த மண்ணுக்கே உரிய மரங்களை அங்கே காப்பாற்ற வேண்டும் என்று பதினைந்து பேர் ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் பாடுபட்டார்கள். அவர்களுக்குத் தலைவி ஓர் இயற்பியல் டீச்சர். அவர் கையுறையைக் கொடுத்து, "அந்த ஓரத்துல ஒருத்தர் களை எடுக்கறார், அவரோட சேந்துக்குங்க" என்றார்.

போய்ப் பார்த்தால் சகலை! மச்சினியின் கணவர். மச்சான் கல்யாணத்தில், போட்டோவுக்கு யார் யாரை ஓரமாக நிற்கச் சொன்னது என்று தொடங்கிய வாய்த்தகராறு. ஏழு வருஷமாக முகங்கொடுத்துப் பேசவில்லை.

முதுகைக் காட்டிக்கொண்டே இருவரும் வேலை செய்தார்கள். எது களை என்று சகலையிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது? மருந்துக்கடைக்காரர் கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடுங்கிக் குவித்தார்.

சற்று நேரத்தில் சகலை தற்செயலாகத் திரும்பினார். "அய்யய்யோ! இதுல பாதி போன மழைக்கு நாங்க நட்ட கன்னு!"

முப்பது வருஷத்தில் ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுத்ததில்லை என்று மார்தட்டுகிறவர், பிடுங்கிய கன்றைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நின்னுட்டிருந்தா வேர் காஞ்சிடும். குழி தோண்டுங்க, நான் தண்ணி கொண்டு வரேன்" என்றார் சகலை.

களையைத் தள்ளிவிட்டுப் பொறுக்கியெடுத்தால் ஒன்பது கன்றுகள். எட்டாவதை நடும்போது டீச்சர் வந்து நின்றார். "நட்டதையே ஏன் நடறீங்க?"

"நெருக்கமா இருந்துச்சு டீச்சர். தள்ளி நடலாம்னு நான்தான் சொன்னேன்" என்றார் சகலை, கண்ணிமைக்காமல்.

மருந்துக்கடைக்காரர் மண்ணைப் பார்த்தார். பிறகு எழுந்து, "இல்லம்மா, நான்தான் தெரியாமப் பிடுங்கிட்டேன். அவர் சும்மா சொல்றார்" என்றார்.

டீச்சர் திட்டவில்லை. களைச்செடியின் இலையைக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினார். குப்பென்று மண்ணெண்ணெய் வாடை. "சந்தேகம் வந்தா மோந்து பாருங்க."

வீட்டில் மனைவி, "அங்க யாரு இருந்தா?" என்றாள்.

"உன் தங்கச்சி வீட்டுக்காரர்."

"பேசினீங்களா?"

"வேலை விஷயமா."

அடுத்த ஞாயிறு நான்கு கன்றுகள் கருகியிருந்தன, ஐந்து பிழைத்துக்கொண்டன. கருகிய இடத்தில் சகலைகள் இருவரும் புதிதாக நான்கு நட்டார்கள். பேச்சு அதிகமில்லை. ஒருவர் குழி தோண்டினார், மற்றவர் தண்ணீர் ஊற்றினார்.