வீரகாவியத் தாலாட்டு

எனக்குத் தெரிந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராண்ட் பியானோதான் இருக்கிறது. அது சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. முதன்முதலாக நான் அதைப் பார்த்தபோது அதன் மேல் தாம்பூலப் பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெயர் ஆரோக்கிய ஜெனிபர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் அமலனைக் கேட்டால், கொஞ்சமா என்று திருப்பிக் கேட்பார்.

மண்டபத்து முதலாளி தங்கராசு அண்ணன், தன் மகள் கல்யாணத்துக்காக அந்தப் பியானோவை வாங்கிப் போட்டாராம். வாசிக்க இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ள. அதற்கப்புறம் அங்கே தாலி கட்டிய ஜோடி அத்தனையும் அதில் சாய்ந்தாயிற்று. ஒரு மாப்பிள்ளை மேலே ஏறியே உட்கார்ந்திருக்கிறான், மகராசன்.

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் ஈயடிக்கும். அப்போது வந்து வாசித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "தூசியாவது போவட்டும், வாசிங்க டீச்சரம்மா" என்றார். அன்று முதல் மூன்று வருடமாக, ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடிக்கு ஓடும்போது நான் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம் என்பார்களே, என் பியானோ வாழ்க்கை நிஜமாகவே அப்படித்தான்.

நான் பயிற்சி செய்தது ஒரே ஓர் இசைதான். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு மகானுபாவர் ஏதோ ஒரு பழைய வீரகாவியத்தைப் படித்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் அதைப் பியானோவில் இறக்கி வைத்திருக்கிறார். அவர் பெயர் என் வாயிலேயே சரியாக நுழையாது, விடுங்கள். போரில் தோற்ற ஒரு வீரன். பின்னால் எதிரிப்படை, முன்னால் கரை புரளும் ஆறு. குதிரையோடு அதில் இறங்குகிறான். இடது கை ஆறு, வலது கை குதிரை. வாசித்து முடிக்கும்போது தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும். வீட்டில் இருக்கும் கீபோர்டில் இந்த ஆறு ஓட இடம் இல்லை, இடது பக்கத்தில் அவ்வளவு கட்டைகள் கிடையாது. அதனால் கீபோர்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, மிச்ச ஆற்றை மேஜைப் பலகையில் ஓட்டுவேன். அமலன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்காருவார்.

இந்த வருடம் ஆடி பாதியில் தங்கராசு அண்ணன் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"டீச்சரம்மா, ஆவணிலேருந்து அந்த எடத்துல ஐஸ்கிரீம் கவுண்டர் வருது. புதுச்சேரில ஒரு ரிசார்ட்டுக்காரரு பியானோவக் கேக்கறாரு, வாசல்ல அழகுக்கு வெக்க."

"அழகுக்கா? அண்ணே, அது வாசிக்கிற சாமான். சாயுற சாமான் இல்ல."

"வாசிச்சா யாரும்மா கேக்கறா? நம்ம ஊர்ல இதெல்லாம் ஒக்காந்து கேக்க ஆளு ஏது?"

"வருவாங்க."

"எங்க, வரச் சொல்லுங்க பாப்போம்" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரி, ஆடி கடசி ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாசிங்க. மண்டபம் நெறையணும். ஜனம் நடுவுல எழுந்து போவாம கடசி வரைக்கும் ஒக்காந்திருக்கணும். அப்பிடி ஒக்காந்துட்டா பியானோ இங்கயே இருக்கும், மாசத்துக்கு ஒரு நாளு உங்களுக்குத்தான். கலைஞ்சி போச்சின்னா மறுநாளே வண்டி ஏத்திடுவேன். அப்பறம் எங்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது."

"வர மாட்டேன்" என்றேன். பொய்தான்.

விளம்பரத்தை அமலன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவருடைய கூட்டாளி ராஜ்கமல் சிதம்பரத்தில் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறார். இந்த மாதிரி கதை சொல்லும் இசைக்குப் பாலாட் என்று பெயர். 'பியானோவில் வீரகாவிய பாலாட்' என்று அழகாகத் தமிழில் அடித்து ராஜ்கமலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நான் என் ஆற்றோடு மல்லுக்கட்டப் போய்விட்டேன். பேனர் எப்படி வந்திருக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில்தான் பார்த்தேன்.

பிறை நிலாவில் ஒரு கொழுகொழு குழந்தை கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு தூங்குகிறது. அதன் தலைக்கு மேல் வானவில் நிறத்தில், 'பியானோவில் வீரகாவியத் தாலாட்டு'. கீழே, 'தாய்மார்களே! கைக்குழந்தைகளுடன் திரண்டு வாரீர்!' மூலையில் என் படம், ரேஷன் கார்டில் இருப்பது போல.

"ராஜ்கமல்!" என்று நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, நல்லா வந்திருக்கா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் ராஜ்கமல். பாராட்டை வேறு எதிர்பார்த்திருக்கிறார். "நீங்க அனுப்புனதுல எழுத்துப்பிழ. தாலாட்டுன்றத பாலாட்டுன்னு அடிச்சிட்டீங்க. ஒரு டீச்சரு தப்பா எழுதுனா ஊரு சிரிக்காதா? அதான் நானே திருத்திட்டேன்."

"அப்ப வீரகாவியம்னு போட்டிருந்துச்சே, அத யோசிக்கலையா?" என்றார் அமலன்.

"அடங்காத புள்ளைங்கள வீரமா தூங்க வெக்கிறதுன்னு நெனச்சேன் மச்சான்."

என் கையில் அப்போது இசைத்தாள்கள் இருந்தன. உலக்கை இருந்திருந்தால் கதை வேறு.

உள்ளே போனால் மண்டபம் நிறைந்து வழிகிறது. சிதம்பரம், கிள்ளை, காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ கைக்குழந்தைக்காரிகள் வந்திருக்கிறார்கள். கூடவே பால் புட்டி, கிலுகிலுப்பை, மாற்றுத் துணிப் பை, பையைத் தூக்க ஒரு புருஷன். ஜன்னல் கம்பியில் புடவையைக் கட்டித் தூளி போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பாதிப் பிள்ளைகள் அழுகின்றன, மீதிப் பிள்ளைகள் அழுவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டிருக்கின்றன. முன்வரிசையில் கண்ணெல்லாம் கறுத்துப்போன ஒரு சின்னப் பெண், பெயர் சத்யப்பிரியா, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவன் எழிலன். பொறந்ததுலேருந்து என்னயத் தூங்க வுட்டதே இல்ல. டாக்டர்கிட்ட காமிச்சாச்சி, மந்திரிச்சிப் பாத்தாச்சி. நீங்கதான்கா ஏதாச்சும் பண்ணணும்."

எழிலன் என்னைப் பார்த்த பார்வையில் தூக்கம் மருந்துக்குக்கூட இல்லை.

தங்கராசு அண்ணன் மேடை ஓரத்துக்கு வந்தார். "நெறைஞ்சிடுச்சி, ஒத்துக்கறேன். ஆனா டீச்சரம்மா, நீங்க வாசிக்கிற இடிமின்னல நானும்தான் கேட்டிருக்கேன். அத வாசிச்சா புள்ளைங்க வீல்னு கத்தும், தூக்கிக்கிட்டு எல்லாரும் எழுந்துருவாங்க. நம்ம பேச்சு பேச்சுதான். பேசாம மெதுவா ஏதாச்சும் வாசிச்சி பியானோவக் காப்பாத்திக்குங்க." நல்ல மனுஷன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கிறிஸ்மஸுக்கு வாசிப்பியே, அந்தப் பாலன் தாலாட்டு. அத வாசியேன் ஜெனி" என்றார் அமலனும்.

யோசித்தேன். பொய் சொல்வானேன், ரொம்பவே யோசித்தேன். மெதுவாக எதையாவது வாசித்தால் பியானோ நிற்கும். வருகிற மாதம் முதல் நானும் மேஜைப் பலகையில் விரல் தேயாமல் வாசிக்கலாம். ஆனால் அப்புறம் மாதாமாதம் இவர்கள் தாலாட்டுக்குத்தான் வருவார்கள், நான் தாலாட்டுக்காரியாகவே காலத்தைத் தள்ள வேண்டும். மூன்று ஆடி, அமலன் சோற்றுத் தட்டோடு இடம்பெயர்ந்தது, எல்லாம் இதற்கா? ஆனது ஆகட்டும் என்று மைக்கைப் பிடித்தேன்.

"பேனர்ல தப்பா போட்டுட்டாங்க. இது தாலாட்டு இல்ல, சண்ட. சண்டையில தோத்துட்டு ஒருத்தன் குதிரையோட வெள்ளத்துல எறங்குறான். கொள்ளிடத்துல தண்ணி தொறந்து வுட்டா எப்பிடி வரும், அப்பிடி ஒரு ஆறு. அவன் பொழைக்கிறானா இல்லியான்றதுதான் கதை. சத்தமா இருக்கும். புள்ளைங்க அழுதா என்னயத் திட்டாதீங்க."

மண்டபத்தில் சலசலப்பு. "சண்டையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் யாருடைய முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து, இடது கையை ஆற்றில் இறக்கினேன்.

மேஜைப் பலகை உறுமாது. பியானோ உறுமும். அடி ஆழத்துக் கட்டைகள் புரண்டபோது மேடைப் பலகையே அதிர்ந்தது. குதிரை இறங்கியது. பின்னால் படை வந்தது. நான் ஓங்கி ஓங்கி அடித்தேன், ராஜ்கமல் மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து. இப்போது வீலென்று கத்தப் போகின்றன, இதோ கத்தப் போகின்றன என்று முதுகு கூசிக்கொண்டே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. என் சத்தத்தில்தான் கேட்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

கதையின் நடுவில் ஓர் இடம் வரும். குதிரை நடு ஆற்றில் ஒரு மணல்திட்டில் மூச்சு வாங்க நிற்கும். வீரனுக்கு வீட்டு ஞாபகம் வரும். மெல்ல, மிக மெல்ல வாசிக்க வேண்டிய இடம். இந்த இசையில் எனக்கு உயிர் இதுதான். நான் விரலைப் பூப்போல வைத்தேன்.

"ங்ஙே" என்றது ஒரு குழந்தை. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு நாலாபக்கமும்.

"அக்கா!" சத்யப்பிரியாவின் குரல்தான், கெஞ்சலாக. "அக்கா, முழிச்சிக்கறான்கா! முன்ன மாதிரி சத்தமா அடிங்கக்கா!"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அட கடவுளே, எழிலன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். அவன் தூங்கியிருக்கிறான்! மண்டபமே தூங்கியிருக்கிறது! வெள்ளத்தில் தூங்கியவை, வெள்ளம் நின்றதும் விழிக்கின்றன. இரண்டாம் வரிசையில் ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். கதவோரம் நின்ற தங்கராசு அண்ணன் அவளையே பார்த்தார். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் பையை எடுத்தாள்.

அந்த இடத்தைத் தாண்டிக் குதித்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். வீட்டை நினைக்காமல் அவன் எப்படி ஆற்றைக் கடப்பான்? கடைசி ஸ்வரம் வரை மெல்லவே வாசித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பயத்தில் பாதி, அந்த இசையின் அழகில் பாதி. அப்புறம்தான் இடது கையைத் தூக்கி ஆற்றைத் திறந்துவிட்டேன்.

அவ்வளவுதான், அழுகை குழாயை மூடினாற்போல நின்றது. எழுந்தவள் பிள்ளையைப் பார்த்தாள், சத்தம் போடாமல் உட்கார்ந்தாள். கடைசிப் பகுதியில் இரண்டு கையும் இரண்டு கோடியிலிருந்து பாய்ந்து வந்து மோத வேண்டும். மோதின. இரண்டு மூன்று இடத்தில் பிசகியது. பிசகட்டும், குதிரைக்கும் கால் இடறும். கடைசியில் முழு உடம்பையும் போட்டு அடித்து, கையை எடுத்தேன்.

ஒரு கைதட்டல் இல்லை.

மூன்று வருடம் இந்த நொடிக்காகக் காத்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில்கூட, முடித்ததும் தலையைக் குனிந்து வணங்கிப் பழகியிருக்கிறேன். ஒரு தட்டுகூட இல்லையா? மெதுவாகத் திரும்பினேன்.

மண்டபம் முழுக்கப் பிள்ளைகள் மடியிலும் தோளிலும் துவண்டு கிடந்தன. தூளி அசையாமல் தொங்கியது. அத்தனை தாய்மார்களும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் சத்தமில்லாமல் காற்றில் கைதட்டினார்கள். கைப்பிள்ளை இல்லாத புருஷன்மார்களுக்கும் எழுந்திருக்கத் தைரியம் இல்லை. நாற்காலி கிறீச்சிட்டால் வீட்டில் பூசை நிச்சயம். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.

தங்கராசு அண்ணன் பொன்னாடையோடு மேடைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். அது சரசரவென்றது. முந்நூறு பெண்கள் ஒருசேர முறைத்தார்கள். பாவம், பாதி பிரித்த உறையை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு, கால் விரல் நுனியில் நடந்து வந்து என் பக்கத்தில் குந்தினார்.

பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் காதருகே குனிந்து, மூச்சுக் குரலில் கேட்டார்.

"டீச்சரம்மா, அந்தக் குதிர கரையேறிச்சா இல்லியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் கேட்டிருக்கிறார். கதவோரம் நின்று முழுசும் கேட்டிருக்கிறார்! நானும் அவர் காதில் கிசுகிசுத்தேன்.

"அடுத்த தரம் வாசிக்கும்போது நல்லா கவனிங்கண்ணே, தெரியும்."

அவர் பியானோவை ஒரு தரம் தடவிக்கொடுத்தார். "ஆவணில மூணாவது ஞாயிறு காலியா இருக்கு" என்றார். "பியானோ எங்கயும் போவல. வந்துருங்க."

மண்டபக் கூரை பறக்கிற மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. வாயைத் திறந்தும்விட்டேன். முன்வரிசையில் எழிலனைத் தோளில் சாய்த்தபடி சத்யப்பிரியா, அக்கா தயவுபண்ணி என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.