குரல் இல்லாத கேசட்

கோபால்சாமி கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு குழிகளிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பாஞ்சாலையின் கை அப்படியே நின்றது. குழியை அடைத்தால்தான் பழையதை அழித்துப் புதுப் பாட்டு ஏற்ற முடியும். மைக் செட் வாடகைக்கு விடுகிற இந்த அக்காள் புருஷன் வீட்டில் இருக்கிறவளுக்கு இது தெரியாதா?

அது ஞானதாஸ் என்கிற கிளாரினெட்காரரின் கேசட். கடையில் ஒரு வருஷமாக யாரும் தொடவில்லை என்று கேசட் கடையும் வைத்திருக்கிற வாணியம்பாடிப் புளி வியாபாரி உஸ்மான் பாய் சும்மா கொடுத்துவிட்டுப் போனது. முப்பது வருஷம் சினிமாப் பாட்டுகளுக்கு ஊதியவர், முதல் தடவையாகத் தன் பேரில் ஊதியது என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. சினிமாப் படகுப் பாட்டு ஒன்றின் நடுவில் தான் வாசித்த துண்டையே எடுத்து, முதல் பக்கத்தில் எட்டு நிமிஷம் நீட்டியிருந்தார். அக்காள் கொல்லிக்குக் களை எடுக்கப் போன பகல்களில் சத்தத்தைக் குறைத்து வைத்து அதைக் கேட்பாள். ஓரிடத்தில் அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். சினிமாப் பாட்டில் அவரை யார் மூச்சு வாங்க விட்டார்கள்? பாடுகிறவர் அடுத்த அடி எடுப்பதற்குள் முடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டியதுதான்.

"இத்த இன்னா பண்ணீங்க மாமா?"

"ரேடியோ கிட்ட மைக்க வெச்சி மொத பக்கம் பத்து பாட்டு ஏத்திட்டேன். திருவிழாக்கு வேணும்ல. அடுத்த பக்கம் இப்போ."

"அதுல வாசிச்சிருந்தாரே!"

"எங்க? ஆளே பாடல. குரல் ஏறாம வந்த கேசட்டு அது. அதான் பாய் சும்மா குடுத்தாரு." சிரித்தார். "நீயும் வாய் தொறக்க மாட்ட, அதுவும் தொறக்காது. நல்ல ஜோடி."

முனகிக்கொண்டே கேசட்டைத் திருப்பிப் போட்டார். எந்நேரமும் முனகுகிற அதே முனகல். அவளுக்குக் காது பற்றி எரிந்தது.

"இப்ப இன்னா பாடுனீங்க?"

"படகுப் பாட்டு."

"வார்த்தைய சொல்லுங்க."

அவர் மறுபடி முனகிப் பார்த்தார். தராரா, தரரா. வார்த்தை வரவில்லை.

பாஞ்சாலை எழுந்தாள். மடியிலிருந்த புளி தரையில் கொட்டியது. "வராது. அது பாடுனது இல்ல, நடுவுல ஊதுனது. ஊதுனவரு இவரு! வருஷம் பூரா அவர வாய்ல வெச்சி மென்னுட்டு, அவரு பேரு போட்டு வந்தா குரல் இல்லாத கேசட்டா? கெட்டுப்போனது கேசட்டு இல்ல மாமா, உங்க காது!"

அந்த வீட்டில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. கோபால்சாமி திகைத்துப்போய், அவள் கேசட்டை உருவி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி வுடு. திருவிழால ஒரு வாட்டி போடறேன்."

"வேணாம். நன்கொட குடுத்தவங்க பேரு வாசிக்க, பின்னாடி ஓட்டறதுக்குதான் போடுவீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நினைத்தது அதுதான்.

இரண்டாம் பக்கக் குழியின் பிளாஸ்டரை அவள் நகத்தால் பிய்த்து எடுத்தாள். நகம் கிழிந்தது. முதல் பக்கத்துப் பிளாஸ்டரைத் தொடவில்லை. அங்கே காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.