வெளிப்பக்கத் தையல்

இரும்புச் சிலை செய்யப் பழக்கும் அந்தக் கோடைப் பட்டறையில் பல் டாக்டரைப் பிடிக்காதவர் கிடையாது. தையல்காரிக்கும் அவரைப் பிடிக்கும். அந்தக் காலையில் மட்டும் அவரைக் கடித்துக் குதறிவிடலாம் போல இருந்தது.

பின்னே என்ன? முந்தின நாள் அவள் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போன இரும்புச் சட்டை, வந்து பார்த்தால் மொழுமொழுவென்று மின்னுகிறது. தோளில், விலாவில், கை சேருமிடத்தில் தடித்து நெளிந்து ஓடிய வெல்டிங் கோடு ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் கிரைண்டரால் தேய்த்து வழித்தாயிற்று. பல் டாக்டர் பக்கத்தில் நின்று, நல்ல காரியம் செய்த முகத்தோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு கிரைண்டர் இன்னும் கைக்கு வரலையேன்னு நானே சுத்தம் பண்ணிட்டேன்" என்றார். "கரடுமுரடா எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது."

அந்தக் கையைச் சொல்லிக் குற்றமில்லை. வருஷமெல்லாம் அடுத்தவர் வாயில் மேடு தேய்த்துப் பழகிய கை. அதற்காக அவள் சட்டையையுமா?

பட்டறையில் மூன்று மேசைகள். சுத்தியலே பிடித்திராதவர்களுக்கு முதல் மேசை, ஓரளவு தெரிந்தவர்களுக்கு இரண்டாவது, பல் டாக்டரைப் போலக் கோடை தவறாமல் வருகிறவர்களுக்கு மூன்றாவது. கடைசி நாளான அன்று சாயங்காலம் கண்காட்சி. மூன்றாம் மேசைக்காரர்களின் சிலைகள் முன் ஹாலில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும். முதல் மேசைக்காரர்களின் சாமான்கள் பின் ஷெட்டில், கேஸ் சிலிண்டருக்கும் பழைய இரும்பு பீப்பாய்க்கும் நடுவே கிடக்கும். போய்ப் பார்க்கிறவர் பார்த்தால் உண்டு.

முதல் மேசைக்கு மாஸ்டர் கொடுத்த பாடம் தகட்டில் ஓர் இலை வெட்டுவது. தையல்காரி இலை வெட்டவில்லை. கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துத் தன் மார்பைச் சுற்றி அளந்தாள், சாக்கட்டியால் தகட்டில் கோடு போட்டாள், முன்பாதி பின்பாதி என்று துண்டு துண்டாக வெட்டி மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டி வளைத்து, வெல்டிங்கால் ஒட்டினாள். இடது விலாவில் கீல், வலது விலாவிலும் தோள்களிலும் கொக்கி. ஓரமெல்லாம் அரம் போட்டு மழுக்கி, உள்ளே பழைய போர்வைத் துணி ஒட்டினாள். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இரும்பில் சட்டை தைத்தால் அதை எந்த மகராசி போடுவாள் என்று கேட்டார். என் அளவுக்குத்தானே வெட்டியிருக்கிறேன் என்றாள் அவள்.

அந்தக் கோடுகளுக்காகத்தான் சட்டையே. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்து அவள் பிழைப்பு தையலை ஒளிப்பது. உள்ளே மடி, ஓரம் அடி, இஸ்திரி போட்டு அமுக்கு. வெளியே ஒரு நூல் தெரிந்தால் கடைக்குக் கெட்ட பெயர். நாத்தனார் ஒருத்தி போதுமே! அண்ணி தைத்துக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பி, துணி நல்ல துணி என்பாள். துணி தானே எழுந்து சட்டையாகிவிட்டது பாருங்கள்! பட்டறையில் முதன்முதலாக இரண்டு தகடுகள் ஒட்டி, நடுவே அந்தக் கோடு புடைத்து நின்றபோது தையல்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. இதை எந்தக் கொம்பனும் உள்ளே மடிக்க முடியாது என்று நினைத்தாள். மடிக்க முடியாததைத் தேய்க்க ஒருவர் வருவார் என்று யார் கண்டது?

மாஸ்டர் வந்து தேய்த்த சட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முதல் மேசை வேலை மாதிரியே இல்லை, இதை முன் ஹாலில் வைக்கிறேன் என்றார். வாசலுக்கு நேரே ஒரு மரப் பீடம் போட்டு, அதன் கீழே அவள் பெயரெழுதிய அட்டையையும் ஒட்டச் சொன்னார். அவளை ஸ்கூட்டரில் இறக்கிவிட வந்த வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று தங்கைக்கு ஃபோன் போட்டு, அண்ணி செய்தது முன் ஹாலில் நிற்கப் போகிறது, பிள்ளைகளோடு வந்து சேர் என்று உத்தரவு போட்டார்.

தையல்காரிக்கு ஆசை இல்லாமலில்லை. யாருக்குத்தான் இருக்காது? ஆனால் தோளில் விரலை வைத்தாள். விரல் பிடிமானமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாஸ்டர், இப்படி எனக்கு வேண்டாம். தையலைத் திரும்பப் போடப் போறேன்."

"போட்டா பின் ஷெட்தான்மா. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

வீட்டுக்காரர் அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் கெஞ்சினார். தங்கை வருகிறாள், ஊரெல்லாம் சொல்லியாயிற்று, என் மானத்தை வாங்காதே என்றார்.

"உங்க தங்கச்சி கண்ணுல என் தையல் என்னைக்காவது பட்டிருக்கா? இது படணும்" என்றாள் அவள். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

வெட்டும் சக்கரத்தை மாட்டி, தேய்த்த இடத்தையெல்லாம் பிளந்தாள். ஓட்டுத் தையல் போடுவதுபோல முதலில் புள்ளி புள்ளியாகப் பிடிக்க வைத்து, பிறகு கோடு இழுத்தாள். தேய்த்ததில் தகடு மெலிந்து, அக்குளில் பெரிய ஓட்டை விழுந்தது. விழட்டுமே! ஒட்டுப் போடத் தெரியாதவளா அவள்? தகட்டுத் துண்டு ஒன்றை வெட்டி வைத்து அதைச் சுற்றியும் ஒரு கோடு ஓட்டினாள். பல் டாக்டர் தயங்கித் தயங்கி வந்து, ஏதாவது பிடித்துக்கொள்ளட்டுமா என்றார். பிடியுங்கள், தேய்க்க மட்டும் கூடாது என்றாள். அவரும் சொன்னபடியே வெயில் தாழும்வரை பிடித்தார். கோடுகள் முன்னைவிடத் தடிமனாக வந்திருந்தன.

சாயங்காலம் சட்டை பின் ஷெட்டில் ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்தது. முன் ஹாலில் கூட்டம் கலகலத்தது. பின்பக்கம் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. ஹாலுக்குப் போகும் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வாசலுக்கு நேரே அந்த மரப் பீடம் அப்படியே இருந்தது. பரபரப்பில் மாஸ்டர் அதை எடுக்கச் சொல்லவே மறந்துவிட்டார். அதன் முன்னால் நாத்தனாரும் பிள்ளைகளும். பக்கத்தில் வீட்டுக்காரர், காலியான பீடத்தைப் பார்க்க மாட்டாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது. சட்டையைத்தானே பின்னால் தள்ளினார்கள், அவளை யார் தள்ளினார்கள்?

கீலைத் திறந்து உள்ளே நுழைந்தாள். வலப்பக்கக் கொக்கி கைக்கு எட்டவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற பல் டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு ஒவ்வொரு கொக்கியாக நிதானமாக மாட்டிவிட்டு, கதவையும் திறந்துவிட்டார்.

நடந்தால் சட்டை கிணுகிணுத்தது. கூட்டம் திரும்பிப் பார்த்து வழிவிட்டது. நேரே போய்ப் பீடத்தில் ஏறி நின்றாள்.

மாஸ்டர் ஓடிவந்தார். "என்னம்மா கூத்து இது? பின் ஷெட்னு சொன்னேன்ல?"

"சட்டையைத்தான் சொன்னீங்க. நான் எங்க நிக்கணும்னு நீங்க சொல்லலையே."

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

நாத்தனார் கிட்டே வந்தாள். தோளில் விரலை வைத்து, கோட்டோடு இறக்கி, அக்குளின் ஒட்டுவரை கொண்டுபோனாள்.

"இதெல்லாம் நீங்க தச்சதா அண்ணி?"

"நான்தான் தச்சேன். உன் கல்யாணத்துக்கு நான்தான் தச்சேன். உன் பிள்ளைங்களுக்கு நான்தான். இப்ப நீ போட்டிருக்கியே, அதுவும் நான்தான்."

நாத்தனார் கையை எடுத்தாள். தன் சட்டைக் கையின் ஓரத்தைப் புரட்டி, உள்ளே ஓடிய தையலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். தையல்காரிக்குத் தோள் கனத்தது, கழுத்தில் வியர்வை வழிந்தது. விளக்கை அணைக்கும்வரை அவள் பீடத்தைவிட்டு இறங்கவில்லை.