'நேற்று' என்று எழுதிய தகரம்

காலை ஒன்பதரைக்குக் கண்ணாடிக் கடையின் ஷட்டரை ஏற்றியதும் அவன் உள்ளே போகவில்லை. துடைப்பத்தை எடுத்துத் தன் வாசலை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பக்கத்துப் பொத்தான் கடையின் படியை நிதானமாகப் பெருக்கினான். மூன்று வாரமாக இப்படித்தான். வயதாகிக் குனிய முடியாத பொத்தான் கடைக்காரர், பையனுக்கு என்ன நல்ல மனசு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி உருகினார். எதிரே தகரத் தடுப்பில் ஒட்டியிருக்கும் படம் அந்தப் படியில் நின்றால்தான் முழுதாகத் தெரியும் என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கடைவீதியைப் புதுப்பிக்கிறோம் என்று தெருவைத் தோண்டிப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நீளமாகத் தகரம். அதில் ஆளுயரத்துக்கு இரண்டு படங்கள். 'நாளை' என்று எழுதியதில் மரம், பெஞ்சு, முகமில்லாத மனிதர்கள். "நேத்து இருக்கு, நாளைக்கு இருக்கு, இன்னைக்குத்தான் பள்ளம்" என்பது பொத்தான் கடைக்காரரின் தினசரி நகைச்சுவை. 'நேற்று' மூன்று வருடத்துக்கு முன் திட்டத்துக்காக அளவெடுக்க வந்தவர்கள் எடுத்த படம். அவனுடைய கடை, அவருடைய கடை, நடுவில் தடித்த பழைய தூண். பொத்தான் கடை முன்னால் அவன் மனைவி நிற்கிறாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண் இடுங்கச் சிரிக்கிறாள். கல்லாவுக்குப் பின்னால் அவர் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவள் போய்ப் பதினான்கு மாதம். அவனிடம் இருக்கும் படங்களிலெல்லாம் அவள் படத்துக்காக நிற்கிறாள், உதட்டை மூடிக்கொண்டு. அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்திருக்கிறான். பார்த்திருக்க வேண்டும். எப்போது, எதற்கு என்று யோசித்தால் மருத்துவமனைக் கட்டிலின் இரும்புக் கம்பிதான் ஞாபகத்தில் குறுக்கே வருகிறது. ஊர் முழுக்கப் பார்க்கும்படி ஒட்டியிருக்கும் சிரிப்பை அவள் கொடுத்தது இந்த மனிதருக்கு. ஐம்பத்தெட்டு வயது, தொப்பை, வாயைத் திறந்தால் மூடாத மனிதர். அவர்மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை. சந்தேகப்பட வழியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வெறும் வயிற்றெரிச்சல்.

படம் ஒட்டிய அன்று பலகைமேல் நடந்து பள்ளத்தைத் தாண்டிப் போய், கையில் லென்ஸை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அருகில் போனால் அவள் நிறப்புள்ளிகளாகிவிட்டாள். தன் நாற்காலியிலிருந்து பார்த்தால் தூண் மறைத்தது. பொத்தான் கடைக்காரரின் நாற்காலிக்கு மட்டும் நேர் எதிரே அவள். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். கொடுத்துவைத்தவர்.

போதாததற்கு, மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கும் அவர் மனைவி ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்வாள். ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள். சுவர் வழியாக எல்லாம் கேட்கும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, பக்கத்துலேயே கண்ணாடிக் கடை, ஒரு கண்ணாடி வாங்கிப் போட இன்னும் உங்களுக்கு வலிக்குது. அவர் பதிலுக்குச் சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பைக் கேட்டால் அவனுக்கு இன்னும் எரியும்.

பதினொரு மணிக்குத் திட்ட அலுவலகத்துப் பெண் ஃபைலோடு வந்தாள்.

"சார், இன்னைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் தூணை எடுத்துட்டு முகப்பு கட்ட முடியும். ஒருத்தர் போடலன்னாலும் ரெண்டு கடையும் லிஸ்ட்ல இருக்காது. அவர் போட்டுட்டார். நீங்கதான் மூணு வாரமா நாளைக்கு நாளைக்குன்னு..."

"போட்டா?"

"நாளைக்கே எதிர்ல இருக்கற தகரத்தைக் கழட்டி அடுத்த தெருவுக்குக் கொண்டு போயிடுவோம்."

"பாக்கறேன் மேடம்."

"இதுல பாக்க என்ன சார் இருக்கு?"

அவள் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நாலரைக்குப் பொத்தான் கடைக்காரரே வந்தார். வழக்கமாகப் பேசிக்கொண்டே நுழைகிறவர், ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவினார்.

"தம்பி, எங்கிட்ட ஏதாவது கோவமா?"

"இல்லண்ணே."

"இன்னைக்கு மூணு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர் வழி கேக்க வந்தவர். முகப்பு அகலமானா நாலு பேர் கண்ணுல படும், ரெண்டு வருஷம் தள்ளலாம். இல்லேன்னா கடையை மூடிட்டு மக வீட்டுல போய்த் தொட்டில் ஆட்ட வேண்டியதுதான். அவ அம்மா ஏற்கெனவே எனக்கு ஷிஃப்ட் போட்டுட்டா."

அவன் சிரிக்கவில்லை. மூன்று வாரமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டான்.

"அன்னைக்கு அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"எவகிட்ட?"

"அந்தப் படத்துல. உங்க கடை வாசல்ல சிரிச்சிட்டு நிக்கிறாளே."

"அதா? யாரோ கஸ்டமர்னு நெனச்சேன். யாருப்பா அது?"

அவன் அவர் முகத்தையே பார்த்தான். கேலி இல்லை. பொத்தானை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறவர். தெருவில் எதிரே வருகிறவர்களுக்குப் பொதுவாகச் சிரித்து வைக்கிறவர். ஆறு வருடமாகப் பக்கத்துக் கடையில் கண் பரிசோதிக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு அது தெரியலையாண்ணே?"

"சேலைன்னு தெரியுது, மஞ்சள்னு தெரியுது. பேசினா யாருன்னு சொல்லிடுவேன். பேசாம நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

இந்த மூன்று வாரமும் அவர் அந்த நாற்காலியில் ஒரு மஞ்சள் கறைக்கு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவன் கண்ணைச் சோதிக்கும் வட்ட ஃபிரேமை எடுத்து அவர் மூக்கில் மாட்டினான். சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னான். ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு எடுத்தான். இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா. கை தானாக வேலை செய்தது. மைனஸ் இரண்டேகாலில் அவர் கடைசி வரியை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவர் போலக் கத்தி வாசித்தார்.

"வாங்க" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், அவருடைய படியிலேயே நிறுத்தினான்.

அவர் முதலில் 'நாளை'யைப் பார்த்தார். "இவங்களுக்கு மூஞ்சியே போடலையா? நானும் என் கண்ணுதான்னு நெனச்சேன்." பிறகு முகம் மெல்லத் திரும்பியது. நின்றது.

"அடப்பாவி" என்றார். "நம்ம பொண்ணுப்பா."

அந்த மனிதர் பேசாமல் நின்று அவன் பார்த்ததில்லை. ஐந்தடிக்கு இந்தப் பக்கம், தூணோரம் அவன் நின்றான். அங்கிருந்து அவனுக்கு அவள் தெரியவில்லை. படத்தில் அவளை முதன்முறையாகப் பார்க்கிற ஒருவரின் முதுகுதான் தெரிந்தது. அதன்மேலும் பொறாமை வந்தது.

"என்ன சொன்னீங்கண்ணே?"

"இருப்பா."

பள்ளத்துக்கு அப்பால் திட்ட அலுவலகத்துப் பெண் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். அவன் உள்ளே போய்த் தாளை எடுத்து வந்தான். வெளியே வைத்து எழுத வேறு இடமில்லை. தூணில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். காரை பெயர்ந்த பள்ளங்களில் பேனா முனை தாளைக் குத்திக் குத்திப் போயிற்று.

நிமிர்ந்தபோது அவர் இன்னும் அப்படியே நின்றார். ஃபிரேமைக் கழற்றவில்லை. ஒரு கை மட்டும் மெதுவாக மேலே எழுந்து, படத்தில் ஆட்டுவதுபோலவே காற்றில் ஒரு தரம் அசைந்தது. பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அவன் பேனாவை மூடாமல் காத்திருந்தான்.