வாளி வாத்தியாரின் சீட்டு

விசாரணைக் குழுவின் முன்னால் நான் சொன்னதைப் பற்றி உறவுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்கிறார் ஒருவர். வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்கிறார் இன்னொருவர். இரண்டும் இல்லை. முப்பத்தைந்து வருடம் பாலங்கள் கட்டியவன் நான். என்னை மிரட்ட இனிமேல்தான் ஆள் பிறக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நானும் தம்பியும் ஒரே பொறியியல் கல்லூரியில் படித்தோம். ஒரே விடுதி. அந்த விடுதியில் முதலாண்டு மாணவர்களுக்கு வாளிப் பாடம் என்று ஒன்று உண்டு. குளியலறையில் வரிசையாக நிற்கவைப்பார்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு, அறுபத்து நான்கு அறைகளில் இருக்கும் சீனியர்களின் பெயர்களை அறை எண் வரிசைப்படி ஒப்பிக்க வேண்டும். ஒரு பெயர் தப்பினால் வாளியில் ஒரு குவளை தண்ணீர் விழும். மறுபடி முதல் அறையிலிருந்து தொடங்க வேண்டும். இதை நடத்துகிறவருக்கு வாளி வாத்தியார் என்று பட்டம். மூன்றாம் ஆண்டில் அந்தப் பட்டம் என்னிடம் வந்தது. அதே வருடம் தம்பி முதலாண்டில் சேர்ந்தான்.

அவனுக்கு நான் சலுகை காட்டவில்லை. மற்றவர்களுக்கு ஒரு குவளை என்றால் அவனுக்கு இரண்டு. அண்ணன் ஆட்சி என்று எவனும் சொல்லிவிடக் கூடாதல்லவா? குடும்பம் கூடும் இடத்திலெல்லாம் இதைச் சொல்வேன். "அறுபத்து மூணு வரைக்கும் கடகடன்னு வந்தான். கடைசி ரூம்ல மாட்டிக்கிட்டு முழிச்சான் பாருங்க! அது யார் ரூம்? என் ரூம்! சொந்த அண்ணன் பேரையே மறந்துட்டான்!" எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பான்.

அவன் மகனுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்தது. தம்பிக்கு வேலை வெகு தொலைவில் இருந்ததால், கல்லூரிக்கு நான்தான் பாதுகாவலர். சேர்க்கை நாளில் ஒரு கட்டுக் காகிதம் நீட்டினார்கள். அதில் ராகிங் என்னும் பகடிவதைக்கு எதிரான உறுதிமொழிப் படிவமும் ஒன்று. படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதவன் என்று வேலையில் எனக்குப் பெயர். அன்று அந்தப் படிவத்தைப் படிக்காமலே போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் பையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்னடா, மூட்டை முடிச்சோட வந்திருக்கே? காலேஜை இடிச்சுட்டாங்களா?"

"ஹாஸ்டல் வேண்டாம் பெரியப்பா. இங்கேர்ந்தே போய்ட்டு வரேன்."

"ரெண்டு மணி நேரம் பஸ்டா."

"பரவாயில்ல."

"வாளியா?"

தலையாட்டினான்.

"எத்தனை ரூம் வரைக்கும் வந்தே?"

"பத்தொம்பது."

"பத்தொம்பதா! உங்கப்பன் நோஞ்சான், அவனே அறுபத்து மூணு வந்தவன்."

"முதல்ல அவன் கையைப் பாருங்க," என்றாள் என் மனைவி. "டம்ளரைப் பிடிக்க முடியாம ரெண்டு கையால பிடிக்கிறான்."

அவன் என்னைப் பார்க்காமல் பேசினான். "புகார் பண்றதுக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்காங்க, பெரியப்பா. பண்ணட்டுமா?"

"தாராளமா பண்ணு. பண்ணிட்டு, நம்ம வீட்டு இனிஷியலைக் கழட்டி வெச்சுட்டுப் போ."

திங்கட்கிழமை நானே அவனைக் கூட்டிக்கொண்டு போய் விடுதியில் விட்டேன்.

அந்த வருடத்து வாளி வாத்தியார் நல்ல உயரமான பையன். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தான். "சார், நீங்களா அது? தம்பிக்கே ரெண்டு குவளை ஊத்தின ஆளு! உங்க கதை இன்னும் இங்க ஓடுது சார்!" என்றான். நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதை மறைத்து என்ன பயன்? முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் தலைவர். பையில் சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாள் இருந்தது. நின்ற இடத்திலேயே ஒன்றை எடுத்து எழுதினேன்.

'இவன் என் தம்பி மகன். பத்தொன்பதில் நிற்கிறான். வாளிப் பாடத்தில் சலுகை வேண்டாம். இவன் அப்பனுக்குப் போலவே இவனுக்கும் இரண்டு குவளை. இப்படிக்கு, பழைய வாளி வாத்தியார்.'

உயரமான பையன் அதை உரக்கப் படித்தான். கைதட்டினார்கள். தம்பி மகன் பையைத் தோளில் மாட்டியபடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

ஒன்பதாம் நாள் ஈரத் தரையில் வாளியோடு மல்லாந்து விழுந்தான். எலும்பு மருத்துவர் எங்களிடம் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். "வலது முழங்கை மூணு துண்டா போயிருக்கு. கம்பி வெச்சிருக்கேன். நரம்பு நசுங்கிருச்சு. ரெண்டு விரல் மரத்தே இருக்கலாம். கை முழுசா நீளாது." பையனுக்கு வயது பதினேழு.

தம்பியும் அவன் மனைவியும் ஓடிவந்தார்கள். புகார் கொடுத்தது தம்பிதான். என்னைக் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அது.

சீனியர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். குளிக்கும்போது வழுக்கி விழுந்தான், வாளிப் பாடம் என்று ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. முதலாண்டுக்காரர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. தம்பி மகன் மட்டும் உள்ளதைச் சொன்னான். பெரியப்பா எழுதிக் கொடுத்த சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளியலறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினார்கள் என்றான். விடுதிக் காப்பாளர் போய்ப் பார்த்தபோது சுவரில் நான்கு மூலைக்கும் டேப் ஒட்டிய தழும்புதான் இருந்தது.

விசாரணைக்கு வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு வக்கீல் வந்தார். உயரமான பையனின் அப்பா. அவரும் அந்த விடுதியில் இருந்தவர்தான், எனக்கு ஆறு வருடம் பின்னால்.

"சார், சீட்டு இல்லை. கிழிச்சுத் தண்ணியில போட்டாச்சு. நீங்களும் எழுதலைன்னு சொல்லிட்டா, வாளிப் பாடம்னு ஒண்ணு இருந்ததுக்கே சாட்சி இல்லை."

"என் தம்பி பையன் பொய் சொன்னான்னு ஆகிடுமே."

"வலியில ஏதோ உளறிட்டான்னு ஆகும். சின்னப் பையன், யார் தப்பா நினைப்பாங்க? எழுதினேன்னு சொல்லிட்டீங்கன்னா உங்க பேரு பேப்பர்ல வரும் சார். யோசிச்சுக்கோங்க."

நான் அவரை வாசல்வரை வந்து வழியனுப்பினேன். அதிலேயே அவருக்கு என் சம்மதம் கிடைத்துவிட்டது.

மருத்துவமனையிலிருந்து பையனை என் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார்கள். விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம், எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது தம்பி கேட்டான்.

"அண்ணா, சீட்டு எழுதிக் கொடுத்தீங்களா?"

"என்னடா கேள்வி இது? நீயும்தான் அந்த வாளியைத் தூக்கினவன். உனக்கு என்ன கை கால் போச்சா?"

"அன்னிக்கு உங்க பேர் எனக்கு மறக்கல அண்ணா. சொல்லப் பிடிக்கல. அதுக்கப்புறம் விடியற வரைக்கும் ஊத்தினீங்க." பிறகு தம்பி அதே குரலில், "எழுதினீங்களா, இல்லையா?" என்றான்.

என் மனைவி, தம்பி மனைவி, சோபாவில் கையைத் தலையணைமேல் வைத்திருந்த பையன், எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இல்லை," என்றேன்.

"சரி அண்ணா," என்றான் தம்பி.

பையன்தான் அடுத்துப் பேசினான். "வேற யாராவது எழுதி ஒட்டியிருப்பாங்கப்பா. நான் பெரியப்பா கையெழுத்துன்னு நெனச்சுட்டேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் கல்லூரி முதல்வரின் அறையில் நீள மேசை. முதல்வர் ஒரு பெண்மணி. என்னைவிட இருபது வயதாவது சிறியவர். பக்கத்தில் விடுதிக் காப்பாளரும், குறிப்பெடுக்க ஒரு விரிவுரையாளரும் இருந்தார்கள். மேசையின் ஒரு பக்கம் நானும் தம்பியும் பையனும், எதிர்ப்பக்கம் சீனியர்களும் அந்த வக்கீலும். முதலில் பையனைக் கேட்டார்கள்.

"சீட்டு இல்லை மேடம். நான் தப்பா சொல்லிட்டேன்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு தப்புன்னா மத்ததையும் அப்படித்தான் எடுத்துக்க வேண்டியிருக்கும் தம்பி. புகாரே நிக்காது. புரியுதா?"

"சரி மேடம்."

முந்தின நாள் தம்பி சொன்ன அதே 'சரி'. அதே தொனி. எதிர்ப்பக்கம் வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் செருகினார்.

"நான்தான் எழுதினேன்," என்றேன்.

எழுந்து நின்றுதான் சொன்னேன். சீட்டிலிருந்த ஒவ்வொரு வரியையும் சொன்னேன். வாளிப் பாடம் என்றால் என்னவென்று முதல்வர் கேட்டார். விளக்கினேன். கையை எப்படி நீட்ட வேண்டும் என்று நீட்டியும் காட்டினேன். பாதி விளக்கத்தில்தான் கவனித்தேன், நான் குரலை உயர்த்தி, ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். விரிவுரையாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எதுக்காக இது?" என்றார் முதல்வர்.

"பசங்க உரம் பெறணும்னு..."

"உங்க தம்பி உரம் பெற்றாரா?"

தம்பி பக்கம் நான் திரும்பவில்லை. முதல்வர் ஒரு படிவத்தை என் முன்னால் தள்ளினார். "இது உங்க கையெழுத்துதானே? மூணாவது வரியைப் படிங்க."

படித்தேன். 'பகடிவதை நடப்பது என் கவனத்துக்கு வந்தால் உடனே நிர்வாகத்துக்குத் தெரிவிப்பேன்.'

"வருஷா வருஷம் படிவம் வாங்கறோம், சுவரெல்லாம் நம்பர் ஒட்டறோம்," என்றார் அவர். "அந்த நம்பர்ல புகார் பண்ணட்டுமான்னு பையன் உங்ககிட்ட கேட்டிருக்கான். அவன் முதல்ல கொடுத்த வாக்குமூலத்துல இருக்கு."

அதற்குப் பிறகு முதலாண்டுக்காரர்கள் மூன்று பேர் தாங்களாகவே வந்து பேசினார்கள். சீனியர்கள் நான்கு பேருக்கு ஒரு வருட நீக்கம். அவர்கள் பெயரோடு என் பெயரும் காவல் நிலையத்துக்குப் போகும் என்றார்கள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது தம்பி காரின் பின்கதவைத் திறந்து மகனைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முன் இருக்கையில் எக்ஸ்ரே உறை மட்டும் கிடந்தது. நான் கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"நீங்க பஸ்ல வந்துடுங்க," என்றான் தம்பி.

பஸ்ஸில்தான் வந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது மனைவி கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சோபாவில் தலையணை இல்லை.

"பெட்டியெல்லாம் எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. அங்க என்ன சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னேன்."

"எதை? நேத்து இங்க உக்காந்து சொன்னீங்களே, அதையா?"